ரோமானிய வட்டரங்கைக் குடும்பத்துடன் பார்க்க ரோமுக்குத்தான் போக வேண்டுமா?

சிறுவர்களும் முதியவர்களும் உள்ள குடும்பம் வீரர்களும் விலங்குகளும் மோதுவதை மக்கள் சுற்றி அமர்ந்து பார்த்த ரோமானிய வட்டரங்குகளில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வாய்ப்பிருந்தால் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். துனிசியாவிலுள்ள எல் ஜெம் நகரையே நான் சொல்வேன். ரோமின் கொலோசியம் இதைவிடப் பெரியதுதான். ஆனால் அங்கே நிலவறைகளுக்குள் இறங்கத் தனிவகை நுழைவுச்சீட்டு வேண்டும். எல் ஜெமில் சாதாரணச் சீட்டோடே நடுக்களத்தில் நின்று பார்த்துவிட்டு, படியேறி மேல்தளத்துக்கும், படியிறங்கி நிலவறைக்கும் போய்வரலாம்.

அந்த நிலவறைதான் எங்கள் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. களத்தின் நீளவாக்கில் ஓடும் நடைகூடத்தின் இருபுறமும் விலங்குகளை அடைத்துவைத்த சிற்றறைகள் இருக்கின்றன. கூண்டுகளை மேலே தூக்கிய திறப்பின் வழியாக வானம் தெரிகிறது. மேலே வெயில் சுட்டெரிக்கும்போதும் உள்ளே குளிர்ச்சிதான் என்பதால், என் மாமியாருக்கும் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் பெயர் தைஸ்ட்ரஸ். ஆலிவ் எண்ணெய் வணிகத்தில் கொழித்த ஊராக இருந்ததால்தான், ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய, 148 மீட்டர் நீளமும் 122 மீட்டர் அகலமும் உடைய இக்கட்டடத்தைக் இருக்கைகளைத் தாங்கக் குன்றின் சரிவு எதையும் நம்பாமல் சமதரையிலேயே எழுப்ப முடிந்தது. வரி அதிகாரியின் கெடுபிடி தாங்காத நிலவுடைமையாளர்கள் அவனைக் கொன்றுவிட்டு, முதியவரான ஆளுநர் கோர்டியனை ரோமப் பேரரசராக அறிவித்ததும் 238-இல் இவ்வூரில்தான்.

ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் உள்ளே பதுங்கிய கிளர்ச்சியாளர்களை வெளியேற்றச் சுவரைத் தகர்த்தார்கள். பின்னர் ஊர்மக்கள் வீடு கட்டக் கற்களை எடுத்துப் போனார்கள். அதனால் ஒரு நன்மை உண்டு: அறுத்து வைத்த பலாப்பழம் போல, வளைவுகளும் நடைகூடங்களும் இருக்கை வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்ட முறை அங்கேதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. முழுமையாக நிற்கும் பக்கத்தில் எவ்வளவு விளக்கினாலும் சிறுவர்களுக்கு அது பிடிபடாது.

மேல்தளத்துப் படிகள் செங்குத்தானவை, தேய்ந்தவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்வரிசையோடு நின்றுகொள்வது நல்லது. கோடையில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். இருக்கை வரிசைகளில் ஒதுங்க நிழலே கிடையாது. துனிசியாவின் கடற்கரை நகரமான சூஸிலிருந்து ரயில் இருக்கிறது, நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள், காட்டுப்பன்றியைக் கிழிக்கும் சிங்கங்களின் மொசைக் (சிறு கற்களைப் பதித்து உருவாக்கிய ஓவியம்) அங்கே இருக்கிறது, மிகச் சிறிய குழந்தைகள் மிரளக்கூடும்.