வாய் தைத்த மாடு

அன்பின் ஐயா,

தேயிலைக் கொழுந்துக் கணக்குக்கு ஒரு செயலி செய்திருக்கிறேன். அன்றன்று நிறுத்த கிலோவைப் பதிந்து வைத்தால், மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. இப்போது ஒருவர் அதன் மூலநிரலையும், அதாவது நான் எழுதிய கட்டளை வரிகளையும், கேட்கிறார். இரண்டு வருடம் தூக்கம் கெட்டு எழுதியது. நாளைக்கு வேறொருவர் அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டால்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

வாசகர், தலவாக்கலை

அன்புத் தம்பி,

பார்க்கக் கூடாதுதான். ஆனால் நீங்கள் மாட்டின் வாயைத் தைத்தல்லவா கொடுக்கிறீர்கள்? நோய் வந்தால் மருந்து புகட்டுவது எப்படி?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம்மில் பலரைப் போல நானும் வருடக்கணக்கில் பாமினி எழுத்துருவில் தட்டியவன். பாமினியில் அடித்த ‘அம்மா’வை வேறு எழுத்துருவில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு நல்ல மனிதர் இலவசமாக ஒரு மாற்றி கொடுத்திருந்தார். முந்நூறு பக்கத்தையும் போட்டேன். ‘கொழுந்து’ எல்லாம் ‘ெகாழுந்து’ ஆகி வந்தது! பாமினியில் கொம்பை முதலில் அடிக்கிறோம். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. அந்த இடமாற்றத்தில்தான் பிழை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டு, “இரண்டு வரி வேலை மாமா, நிரல் எங்கே?” என்றான். நிரல் இல்லை. கொடுத்தவரின் மின்னஞ்சலும் செத்துப் போயிருந்தது. கொம்பு கொம்பாக நானே திருத்தினேன்.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் இப்படியொரு எரிச்சல்தான் வந்தது. அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு வந்த புதிய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. அதன் மூலநிரலைக் கேட்டபோது கிடைக்கவில்லை. யாரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்காக 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல் என்பதால் இன்றைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை: உங்களுடையது இலவச மென்பொருள், கேட்டவர் கேட்பது கட்டற்ற மென்பொருள்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹன’ என்ற பேரிடர் நிவாரண மென்பொருளை மூலநிரலோடு விட்டார்கள். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது.

உங்கள் செயலி விஷயம் இதைவிடக் கூர்மையானது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதில்தான் காலங்காலமாகச் சண்டை. ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உங்கள் செயலியைக் காட்டி ஓர் அக்கா கேள்வி கேட்டால், “அந்தப் போன் தப்பாகக் கூட்டுகிறது” என்று கணக்கப்பிள்ளை ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்போது அந்த அக்கா எதைத் திறந்து காட்டுவார்? யார் எவ்வளவு எடுத்தார் என்ற விபரம் போனைவிட்டு வெளியே போகவில்லை என்பதற்குத்தான் என்ன சாட்சி? உங்களை நான் நம்புகிறேன். அந்த அக்கா ஏன் நம்ப வேண்டும்?

சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்று எதுவுமில்லை. உங்கள் பொருள், உங்கள் இஷ்டம். பெயர் போய்விடும் என்ற பயத்துக்குத்தான் உரிமம் இருக்கிறது. ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தைப் போட்டால் உங்கள் பெயருள்ள பதிப்புரிமைக் குறிப்பை எடுக்க முடியாது; மாற்றி விநியோகிப்பவரும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டும். மீறுபவர் மீறுவார்தான், ஆனால் மூடி வைத்த செயலியிலும் பெயரை மாற்றிப் போடுகிறார்களே! உரிமம் எழுதாமல் நிரலை மட்டும் போட்டுவிடாதீர்கள். படிக்கலாமே தவிர, திருத்திப் பகிர எவருக்கும் உரிமை வராது. நிரல் அசிங்கமாக இருக்கிறது என்ற கூச்சமும் உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கட்டும், என் முதல் பிரதிகளை நீங்கள் பார்த்ததில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தராசு பதினெட்டரை காட்டினால் உங்கள் செயலி அதைப் பதினெட்டாக எடுக்கிறதா, பத்தொன்பதாகவா?