எச்-இன்டெக்ஸ் 24 உள்ள நெறியாளரா, 15 உள்ள நெறியாளரா?

முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும் நீங்கள், மனத்தில் வைத்திருக்கும் இரு பேராசிரியர்களில் ஒருவருக்கு எச்-இன்டெக்ஸ் 24, மற்றவருக்கு 15 என்று சொல்லி, அவர்களுடைய ஆய்வின் தாக்கத்தையும் கூட்டாய்வுகளையும் எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆசிரியர்களின் மேற்கோள் கணக்கைத் திரட்டும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இந்த இரண்டு எண்களை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

எச்-இன்டெக்ஸ் என்பது அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த அளவு. ஒருவரின் எத்தனை கட்டுரைகள், குறைந்தது அத்தனை மேற்கோள்களை (பிற கட்டுரைகள் அதைச் சுட்டுவதை) பெற்றிருக்கின்றனவோ, அந்த மிகப் பெரிய எண்ணே எச். ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 90, 40, 12, 6, 5, 3 மேற்கோள்களைப் பெற்றிருப்பதாகக் கொள்வோம். முதல் ஐந்து கட்டுரைகளுக்கும் குறைந்தது ஐந்து மேற்கோள்கள் உள்ளன. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே எச் 5. முதல் கட்டுரையின் 90 நாளை 900 ஆனாலும் அதே 5தான். தவிர, இந்த எண் காலத்தோடு ஏறுமே தவிர, இறங்குவதில்லை. அவர் எழுதுவதை நிறுத்திய பிறகும் ஏறக்கூடும். எனவே இருவரும் எந்த ஆண்டு முதல் எழுதி வருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். துறையும் முக்கியம்: கணிதத்தில் மதிப்பான எண், மருத்துவ ஆய்வில் சாதாரணமாகத் தோன்றும்.

அந்த 24ஐயும் 15ஐயும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் கட்டுரைகளையும்) சேர்த்து எண்ணுவதால், அங்கே எண் பொதுவாக ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்கள் இரண்டையும்விடக் கூடுதலாகவே இருக்கும். ஒருவருக்கு அங்கிருந்தும் மற்றவருக்கு இங்கிருந்தும் எடுத்து ஒப்பிடுவது பொருந்தாது. ஸ்கோபஸில் ஒருவர் தம்மையே மேற்கோள் காட்டியவற்றை நீக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு; நீக்கியதும் எண் சட்டென்று சரிந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

நம் பெயர் வழக்கம் தரும் தொல்லை தனி. சுப்ரமணியனின் மகன் கார்த்திகேயன் ‘எஸ். கார்த்திகேயன்’ என்று எழுதுவார். ஓர் இதழ் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு ‘கே. சுப்ரமணியன்’ என்று அச்சிட்டுவிடும். மகன் எழுதிய கட்டுரை அப்பா கணக்கில் சேரும். மாறாக, ஒரே முன்னெழுத்தும் பெயரும் கொண்ட இருவரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்ததை நானே பிரித்திருக்கிறேன். ஒருவர் வேதியியலாளர், மற்றவர் மின்பொறியாளர். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் இந்தக் குழப்பத்துக்காகவே 2012இல் வந்தது. அது இருந்தால் அதைக் கொண்டே தேடுங்கள்.

இனி கூட்டாய்வு. எச்-இன்டெக்ஸ் மிக மோசமாகத் தவறுவது இங்கேதான் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரு கட்டுரையைத் தனியாக எழுதியவருக்கும் முப்பது பேரோடு எழுதியவருக்கும் அது ஒரே பங்கைத் தருகிறது. 2015இல் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு ஆய்வுக் குழுக்கள் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிச் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயின. அத்தகைய கட்டுரையின் மேற்கோள்களை ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாக ஏற்றினால் என்ன பொருள்? மேற்கோள்களைக் கட்டுரையாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு வழி. மேலே சொன்ன 90 மேற்கோள் கட்டுரையை முப்பது பேர் எழுதியிருந்தால் ஒருவர் பங்கு 3 ஆகும். இன்னொரு வழி, பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பது. செய்தித்தாள்களில் ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று வருமே, ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழுவினரின் அந்தப் பட்டியலிலும் கட்டுரையாளரின் இடம் கணக்கில் வருகிறது. உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்திலோ பெயர்கள் அகரவரிசையில் வருவதால் இடத்துக்குப் பொருளில்லை.

கூட்டாளிகள் எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் யார் என்பதே பயன் தரும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் ஸ்கோபஸ் தரவை ஏற்றினால், இணைந்து எழுதியவர்களின் வலை படமாகத் தெரியும். எல்லாக் கோடுகளும் ஒரே துறையின் நான்கைந்து பேருக்குள் சுற்றுகின்றனவா, வேறு நிறுவனங்களுக்கும் போகின்றனவா, அதே ஆளோடு ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றனவா என்று பாருங்கள். மேற்கோள் காட்டியவர்களும் இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தால் 24 என்பது எனக்குப் பெரிதாகப் படாது.

உங்கள் தேவைக்கு இன்னும் ஒன்று. இரு பேராசிரியர்களின் அண்மை ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, அவர்களுடைய மாணவர்களின் பெயர் எத்தனையில் முதலில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்கள் பிறகு அவர் இல்லாமல் எழுதியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள். கையால் செய்தால் ஒரு மாலைப் பொழுது ஆகும்.