பந்து பட்டு ரெண்டு மணி நேரமாகியும் விதைப்பை வலி நிக்கலன்னா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க

உங்க 9 வயசு பையனுக்கு விதைப்பைல பந்து பட்டு ரெண்டு மணி நேரமா வலி நிக்கல, காலைல டாக்டர்கிட்ட பாத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம், இப்பவே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. சாதாரண அடின்னா ஒரு மணி நேரத்துக்குள்ள வலி நல்லா குறைஞ்சிரணும், ரெண்டு மணி நேரமாகியும் நிக்கலங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு.

உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், பெரும்பாலும் அதுதான். ஆனா அடி பட்டதுல விதை முறுக்கிக்கிட்டாலும் இப்படித்தான் வலிக்கும், அப்போ ரத்த ஓட்டம் நின்னுடும், சுமார் 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி சரி பண்ணலன்னா விதையே போயிடலாம், அதுக்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைஞ்சுட்டே வரும். வலி ஆரம்பிச்ச நேரத்த குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட முதல்ல அத சொல்லுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க: ஒரு பக்கம் மேல ஏறியிருக்கா, வீங்கியிருக்கா, வாந்தி வருதா, ஒன்னுக்குல ரத்தம் வருதா. கூச்சத்துல சில பசங்க வயித்து வலின்னு மட்டும்தான் சொல்லுவாங்க, திட்டாம பொறுமையா கேளுங்க. இதுல எதுவுமே இல்லன்னாலும் வலி இருந்தா போயே ஆகணும், கண்ணால பாத்து முறுக்கல் இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது, விதைக்கு ரத்தம் ஓடுதான்னு பாக்கற டாப்ளர் ஸ்கேன் தேவைப்படலாம்.

போற வழில ஐஸ் துணில சுத்தி வைங்க, நேரா தோல்ல வேண்டாம். சாப்பாடு, தண்ணி எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம். நீங்களா அழுத்தி தேய்க்கவோ திருப்பவோ கண்டிப்பா கூடாது.