தானம் என்று யார் சொன்னது?

கேள்வி: இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலில், உறுப்பு தானத்துக்காகவே குளோன் மனிதர்களை வளர்க்கிறார்கள். காரில் ஊரெல்லாம் போய்வருகிறவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை? நம்ப முடியவில்லையே!
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: குளோன் என்பது ஒருவரின் மரபணுவை அப்படியே கொண்டு தாமதமாகப் பிறந்த இரட்டைப் பிள்ளை, அவ்வளவுதான். நமக்குள்ள உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘தானம்’.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. கன்னிகாதானத்தில் கொடுப்பவர் அப்பா, வாங்குபவர் மாப்பிள்ளை. பெண்ணை யார் கேட்டார்கள்? கோதானத்தில் பசுவை யார் கேட்டார்கள்? என் மகள் கல்யாணத்தில் அந்தச் சடங்கே கூடாது என்று சொல்லி உறவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டேன். இன்றைக்கும் வருத்தமில்லை. நாவலிலும் இதே கதைதான். உடம்பை அறுத்து எடுப்பதற்குப் பெயர் ‘தானம்’, அதில் செத்துப்போவதற்குப் பெயர் ‘நிறைவு’. இந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்த பிள்ளை எங்கே ஓடும்?

அப்புறம், எர்ணாவூர் உங்களுக்குப் பக்கம்தானே? 2004 சுனாமியில் எல்லாம் இழந்த மீனவக் குடும்பங்களை அங்கே குடிவைத்தார்கள். 2007-இல் அந்தப் பெண்கள் விலாவில் இருந்த தழும்பைக் காட்டினார்கள். கிட்னியை விற்றோம், பேசிய பணம்கூட முழுசாக வரவில்லை என்றார்கள். வில்லிவாக்கத்துக்கு அதற்கு முன்பே ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் விழுந்திருந்தது. இத்தனைக்கும் உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. உறவினர் அல்லாதவர் அன்பினாலோ பற்றினாலோ தரலாம், ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும் என்று அதில் ஒரு வழி உண்டு. அந்த வழியாகத்தான் புரோக்கர்கள் நுழைந்தார்கள். முன்பின் பார்த்திராத நோயாளிமேல் மீனவப் பெண்ணுக்கு அன்பு என்று காகிதம் சொன்னது!

செய்தி எழுதிய நண்பர்களிடம் அன்றே சண்டை போட்டேன். விற்றவளை ‘டோனர்’ என்று எழுதாதீர்கள் என்றேன். நானும் என் உறுப்புகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எனக்குக் கடன் இல்லை, யாரும் நெருக்கவில்லை, நானாகக் கையெழுத்துப் போட்டேன். அதைத் தானம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, ஏன் ஓடவில்லை? எர்ணாவூர்ப் பெண்களைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாசலில் வட்டிக்காரன் நின்றான். கடலில் இறங்கப் படகில்லை.