குடிலுக்குள் கணிவெள்ளரி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. தோட்டத்து ஓரத்தில் இருபதுக்கு முப்பது அடியில் பாலித்தீன் குடில் போட்டு, சுற்றிலும் பூச்சித்தடுப்பு வலையும் கட்டி மூன்று வருடம் ஆகிறது. தை பிறந்ததும் அதில் தக்காளி, மிளகாய், செண்டுமல்லி வைப்பேன். இந்த வருடம் சித்திரையில் விஷு அன்று கணி காண வைக்க ஆகட்டும் என்று கணிவெள்ளரியும், ஒரு மூலையில் பீர்க்கும் விதைத்தேன். கொடி கூரை முட்ட ஏறிவிட்டது, பூவும் நிறைய. ஆனால் காய் விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. தக்காளியிலும் பூ உதிர்கிறது. குடில் போட்டுத் தந்தவர், "சீட் பழசாயிடுச்சு, மாத்துங்க. வெள்ளரிக்குத் தேனீ எல்லாம் வேண்டாம், மருந்து அடிச்சாப் போதும்" என்கிறார். பாதி மானியத்தில் பெரிய குடிலே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா, ஐயா?

பதில்: சீட்டை மாற்றாதீர்கள், சகோதரி. மருந்தும் வாங்காதீர்கள். உங்கள் குடிலில் இரண்டே குறைகள்தான்: உள்ளே சூடு அதிகம், தேனீ இல்லை. இரண்டையும் பெரிய செலவு இல்லாமல் சரி செய்யலாம்.

முதலில் வெள்ளரியைப் பார்ப்போம், உங்கள் அவசரம் அதில்தான் இருக்கிறது. வெள்ளரிக் கொடியில் ஆண் பூ வேறு, காய்க்கிற பூ வேறு. இதழுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கிற பூ. அடியில் வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து போகாது. யாராவது சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் அந்த வேலையைத் தேனீ செய்கிறது. நீங்களோ நான்கு பக்கமும் பூச்சித்தடுப்பு வலை கட்டி அதை வெளியே நிறுத்திவிட்டீர்கள். மகரந்தம் சேராத பிஞ்சு இரண்டு மூன்று நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். நோயும் இல்லை, உரக்குறையும் இல்லை.

"வெள்ளரிக்குத் தேனீ வேண்டாம்" என்று அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாதி உண்மையில் பணத்தை விட்டவர்கள் பலர். தேனீ தேவையில்லாத வெள்ளரி என்று ஒன்று நிஜமாகவே உண்டு. ஹோட்டல் சாலட்டுக்குப் போகிற, கரும்பச்சையாய், நீளமாய், உள்ளே விதையே இல்லாத பாலிஹவுஸ் வெள்ளரி அது. மகரந்தம் சேராமலேயே காய்க்கும்படி உருவாக்கிய கலப்பின ரகம். அதன் ஒரு விதையே பல ரூபாய். கொடியில் வருவதெல்லாம் பெண் பூதான், ஆண் பூவைத் தேடினாலும் கிடைக்காது. அந்த ரகத்துக்கு வலை அவசியமும்கூட, தேனீ நுழைந்தால் காய் கோணலாகிவிடும். ஆனால் உங்கள் கணிவெள்ளரி அந்த இனமே அல்ல. பார்த்தால் வெள்ளரி, பெயரும் வெள்ளரி, ஆனால் உறவு முலாம்பழத்தோடு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முடிக்கோடு லோக்கல் ரகம் ஆனாலும் சரி, பக்கத்து வீட்டில் வாங்கிய நாட்டு விதை ஆனாலும் சரி, மகரந்தம் சேராமல் காய் தங்காது. காலங்காலமாக அறுப்பு முடிந்த வயலில், திறந்த வெயிலில், தேனீக்கு நடுவே விளைந்த பயிர் அது. உங்களுக்குக் குடில் போட்டவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சாலட் வெள்ளரிக்கான நியாயத்தைக் கணிவெள்ளரிக்குச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் கேட்டு நடந்தால் நஷ்டம் உங்களுக்கு.

அவர் சொல்லும் மருந்து எதுவானாலும் மகரந்தத்துக்கு ஈடாகாது. பெண் பூவின் எண்ணிக்கையைக் கூட்டுகிற மருந்து உண்டு, அதை இளங்கொடியில், இரண்டு நான்கு இலை இருக்கும்போது அடிக்க வேண்டும். கூரை தொட்ட கொடிக்கு அடித்து என்ன பயன்?

கையால் மகரந்தம் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கிவிட்டு, நடுவில் நிற்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தேயுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ. தேய்த்த காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள், மறுநாள் குழப்பம் வராது. மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு பளபளவென்று தலை கவிழ்ந்து தொங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பீர்க்குக்கு இந்த நேரம் ஒத்துவராது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். சுரையும் புடலையும் அப்படியே. காலையில் போய்ப் பார்த்துவிட்டு "பூ வாடிக் கிடக்கிறது" என்று கவலைப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு விளக்கு வைத்த கையோடு ஒரு நடை போய் வாருங்கள்.

அடுத்து தக்காளி. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் மலடாகிவிடும், பூ உதிரும். குடில் என்பது குளிர்நாட்டுக்காரர்கள் சூட்டைப் பிடித்து வைக்கக் கண்டுபிடித்தது. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் அதற்கு வேலை உண்டு. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த ஊரில் அடைத்த பாலித்தீனுக்குள் செடி எப்படி இருக்கும்? வேலந்தாவளம் அருகே ஒரு தோட்டத்தில் மாசி மாத மதியம் இரண்டு வெப்பமானிகளை நானே தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே வேப்பமர நிழலில் 35 காட்டியது, குடிலுக்குள் செடி உயரத்தில் 43. தோட்டக்காரர் அதுவரை பூ உதிர்வதற்கு நான்கு விதமான மருந்து அடித்திருந்தார்.

எனவே பக்கவாட்டுப் பாலித்தீனைச் சுருட்டி மேலே கட்டுங்கள், வலை மட்டும் இருக்கட்டும். கூரைக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு 50 சதவீத நிழல்வலை விரியுங்கள். பாலித்தீனோடு ஒட்டி விரித்தால் சூடு குறையாது. சீட் மாற்ற வேண்டாம் என்றதும் இதனால்தான். பழைய சீட்டில் படிந்த தூசி கொஞ்சம் வெயிலை மறைக்கிறது, பங்குனியில் அது உங்களுக்கு நல்லதே. 200 மைக்ரான் சீட் மூன்று வருடம் போல உழைக்கும். கிழியும்போது மாற்றிக்கொள்ளலாம். அதையும் ஆடிக் காற்று அடங்கிய பிறகு செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புதுச் சீட் என்று பார்க்காது. தக்காளிப் பூவுக்குள் மகரந்தம் உதிர ஓர் அசைவும் வேண்டும். காலை பத்து மணி வாக்கில் செடி கட்டிய கயிறை விரலால் சுண்டிவிடுங்கள்.

செண்டுமல்லியை வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு முழு வெயில் வேண்டும்.

உங்கள் குடிலுக்குச் சரியான வேலை நாற்று வளர்ப்பதுதான். வலைக்குள் வெள்ளை ஈ வராது, இலைச்சுருள் நோய் இல்லாத நாற்று கிடைக்கும். தக்காளி 25 நாள், மிளகாய் 35லிருந்து 40 நாள், பிறகு வெளி நடவு. இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். நாற்று வளர்க்கும் குழித்தட்டுக்குத் தென்னை நார்க்கழிவு வாங்கும்போது, பொள்ளாச்சி பக்கத்தில் விலை குறைவு என்று கழுவாத கட்டியைத் தலையில் கட்டுவார்கள். அதில் உப்பு அதிகம், நாற்று நுனி கருகும். "லோ ஈசி" கட்டி, அதாவது உப்பு குறைந்த கட்டி, என்று கேட்டு வாங்குங்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம், மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியில் பத்துத் தட்டைப்பயறு போட்டுப் பாருங்கள். ஒழுங்காக முளைத்துப் பச்சையாக நின்றால் விதையுங்கள்.

கடைசியாக அந்த மானியம். பாதி மானியம் என்பது பொய் இல்லை, ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டத்தில் குடிலுக்கு 50 சதவீதம் உண்டு. ஆனால் உங்கள் நிலம் கேரளத்தில் இருக்கிறது. நிலவரி கட்டிய ரசீது வில்லேஜ் ஆபீசில், விண்ணப்பம் உங்கள் பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில். வாளையாருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஏஜெண்டு "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அனுமதி கையில் வருவதற்கு முன் ஒரு குழாய்கூட நடவேண்டாம், ஒரு ரூபாய் முன்பணமும் தரவேண்டாம். மதிப்பீட்டை ஏற்றி எழுதினால் மானியம் ஏஜெண்டு கைக்கும், கடன் உங்கள் தலைக்கும் போகும். எனக்குக் கோபம் இந்த ஏஜெண்டுகள் மேல் மட்டுமில்லை. குளிர்ந்த மலைக்கும் கொதிக்கிற சமவெளிக்கும் ஒரே மாதிரிக் குடிலுக்கு அரசாங்கத்தார் பணம் தருகிறார்கள். கட்டி முடித்ததும் அளந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கவாட்டுச் சீட்டை எந்த மாதத்தில் சுருட்ட வேண்டும் என்று சொல்லித்தர ஓர் ஆள் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் மருந்து விற்பவன் நுழைகிறான்.

பெரிய குடில் உங்களுக்கு வேண்டாம். விஷுக் கணிக்கு இன்னும் வழி இருக்கிறது. மகரந்தம் சேர்ந்த பிஞ்சு பொன்னிறமாகப் பழுக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இன்று மாசி பதினாறு. நாளை காலை தொடங்கி நான்கு நாள் விடாமல் செய்யுங்கள், ஒரு கொடிக்கு இரண்டு காய் மட்டும் விட்டு மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள்.