கேம் உலகை நாமே வரைய எந்த ஆப்?

கேள்வி: கேமில் போகிற இடங்களை நானே வரைந்துகொண்டு போக ஆசை. நல்ல ஆப் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: எந்த மாதிரி கேம் என்று எழுதவில்லையே! கட்டம் கட்டமாக நகரும் நிலவறை கேம் என்றால் கிரிட் கார்ட்டோகிராஃபர். சுவர், கதவு என்று எல்லாவற்றுக்கும் அதில் குறிகள் தயாராக இருக்கின்றன. வடக்கே போ, கிழக்கே போ என்று எழுத்திலேயே நடக்கும் சாகச கேம் என்றால் டிரிஸ்பார்ட், இலவசம். இரண்டிலும் சேராமல் இஷ்டத்துக்குத் திரிகிற உலகத்துக்கு எக்ஸ்காலிட்ராவே போதும், அதற்கும் காசு வேண்டாம். போகாத உலகம் எந்தப் பக்கம் நீளும் என்று முதலில் யாருக்கும் தெரியாது, அதனால் நான்கு பக்கமும் விரியாத, வரைந்த அறையை அதன் கோடுகளோடு நகர்த்த விடாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: மலை, காடு, கோட்டை எல்லாம் அள்ளி வைக்கும் ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். விளையாடிக்கொண்டே அதில் வரைய முடியவில்லை.

பதில்: அது கற்பனை உலகத்தைப் புதிதாக உருவாக்குகிறவர்களுக்கானது. உங்களுக்குத் தேவை கண்டதைச் சட்டென்று குறித்துக்கொள்ள ஒன்று. விளம்பரப் படத்தைப் பார்த்ததும் ஒரு வருடத்துக்குக் கட்டுவானேன்? ஒரு மாதம் கட்டி ஒரு தளமாவது வரைந்து பார்த்திருக்கலாம். சரி, தானாகப் புதுப்பிப்பதையாவது இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: ஆப்பை மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக வரைந்ததெல்லாம் அவர்கள் சர்வரில். என் தப்பா?

பதில்: இல்லவே இல்லை. சந்தா மீதமிருந்தால் வாங்கிய ஆப் ஸ்டோரிலேயே பணம் கேளுங்கள், என் கோப்புகளைக் கொடுங்கள் என்று நிறுவனத்துக்கும் எழுதுங்கள், பழைய போனில் அந்த ஆப் இன்னும் இருந்தால் அதை அழிக்காதீர்கள். நானும் வரைபட ஆப் ஒன்றுக்கு ‘வாழ்நாள் உரிமம்’ வாங்கியவன்தான், எனக்கு முன்னால் அந்த நிறுவனம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்: வரைந்தது நாம், வைத்துக்கொள்வது அவர்கள். ‘எக்ஸ்போர்ட் உண்டு’ என்பார்கள், அழுத்திப் பார்த்தால் ஒரு பிஎன்ஜி படம் வரும். அதைப் பார்க்கலாம், ஓர் அறையைக்கூட நகர்த்த முடியாது. டிரிஸ்பார்ட்டும், கட்டமும் கோடும் வரைகிற டிரா.ஐஓ ஆப்பும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாகச் சேமிக்கின்றன, எக்ஸ்காலிட்ரா ஜேசன் என்ற எழுத்துக் கோப்பாக. ஆப் செத்தாலும் நோட்பேடில் திறந்து அறைப் பெயர்களையாவது படித்துவிடலாம். காசு கேட்கும் எந்த ஆப்பிலும் முதலில் மூன்று அறை வரைந்து, எக்ஸ்போர்ட் செய்து, வேறொன்றில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா, காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1981இல் வந்த விசார்ட்ரி விளையாடுகிறேன். வரைபடம் பொருந்தவே மாட்டேன் என்கிறது. வேறு ஆப் வாங்கலாமா?

பதில்: ஆப் பாவம். ஒவ்வொரு தளமும் 20க்கு 20 கட்டம், ஓரத்தைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் வந்துவிடுவீர்கள். உங்களைச் சுழற்றித் திசையை மாற்றிவிடும் கட்டங்களும் உண்டு. டுமாபிக் மந்திரம் போட்டால் நிற்கிற இடம் தெரியும். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமுக்குள்ளேயே வரைய வழி உண்டா?

பதில்: எட்ரியன் ஒடிஸி. நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத் திரை கேம் கருவியில் கீழ்த்திரையே வரைபடத்தாள். முதல் மூன்று பாகங்களும் 2023இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கும் கணினிக்கும் வந்துவிட்டன.

கேள்வி: இதற்காகப் பேனாவோடு டேப்லெட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிராஃப் நோட்டு வாங்குங்கள், அப்புறம் ஒரு நல்ல ரப்பரும்.