பாலாற்றின் நடுவே மேடு எப்படி வந்தது?

வேலூர்ப் பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் நடுவே புதர் மண்டிய மேடு தெரிகிறதே, அது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் மணல் திட்டு என்றால் அடுத்த வெள்ளமே கரைத்துவிடும். பாலாறோ பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் ஆறு. அந்த இடைவெளியில் நாணலும் சீமைக்கருவேலமும் வேர்விட்டுவிடுகின்றன. அப்புறம் தண்ணீர் வரும்போது தண்டுகளில் மோதி வேகம் குறைகிறது, சுமந்து வந்த மணல் அங்கேயே படிகிறது. வெள்ளம் வடிந்ததும் ஒரு நாணல் புதருக்குப் பின்னால், தண்ணீர் ஓடிப்போகும் பக்கம் பாருங்கள்: வால் போல மணல் நீண்டிருக்கும். வேர் அதைப் பிடித்துக்கொள்ள, மேடு உயர, இன்னும் செடி முளைக்கும்.

சரி, தடுக்கப்பட்ட தண்ணீர்? பக்கத்து ஓடையை ஆழமாக்கும், இல்லையென்றால் கரையை அரிக்கும். 2021 நவம்பர் மாதிரிப் பெருவெள்ளம் வந்தால்தான் மரம் வேரோடு பெயரும். அப்போதும் எல்லாம் போகாது.